ஜெனரல் பியரால் வாழ்த்திய ஆட்கள்

எழுபத்துமூன்றாம் ஆண்டு ஜெயரட்ணம் மெல்பேர்ண் டண்டினொங்கில் வீடு வாங்கியபோது வீட்டோடு சேர்ந்து ஒரு ஜெனரலும் வந்தார். பின்வளவுத் தகர அறையில் பழைய சொந்தக்காரன் குடிவைத்திருந்த கிழவர். பெயர் ஷால்வா, வயது எண்பத்துநாலு, இடது கையில் இரண்டு விரல் இல்லை. ஜோர்ஜியாவில் பிறந்து ரஷ்யாவின் படையில் ஜெனரலானவராம். வேறு யாருமென்றால் மூட்டையைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். ஜெயரட்ணமோ 'ஜெனரல்' என்ற சொல்லைக் கேட்டதும் உருகிப் போனார்.

அந்த மனுசனுக்குப் பட்டமென்றால் உயிர். இலங்கையில் ஸ்டேசன் மாஸ்டர். இங்கே ஒரு டின் தொழிற்சாலையில் லேபல் ஒட்டுகிறார். ஆனாலும் பால்காரனுக்கு எழுதிவைக்கும் துண்டில்கூடக் கையெழுத்துக்குக் கீழே 'ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர்' என்று போடாமல் விடமாட்டார். பால்காரன் அதை வாசித்து என்னத்தைக் கிழித்தானோ! அந்தத் துண்டை வெறும் போத்தலுக்குள் செருகிவைப்பது அவர் மனைவி இரஞ்சிதம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்று, வீட்டுக்கு வந்து அவளே சமைத்து, அவளே கழுவி, இரண்டு ஆம்பிளைகளுக்கும் கோப்பை நீட்டுகிறவள். அவள் பார்வையில் ஒன்று ரயில் இல்லாத ஸ்டேசன் மாஸ்டர், மற்றது படை இல்லாத ஜெனரல். இரண்டையும் சேர்த்து விற்றாலும் ஒரு கறிச்சட்டி தேறாது.

சனிக்கிழமை மத்தியானத்தில் ஜெனரல் குசினிக்கு வருவார். எழுந்து நின்று, குதி இரண்டையும் சேர்த்து, பியர்க் கிளாஸை உயர்த்தி ஜெயரட்ணத்தை வாழ்த்துவார். பிறகு ஒரு குட்டிக் கிளாஸில் வைன் ஊற்றி, அடுப்படியில் நிற்கும் இரஞ்சிதத்தை வாழ்த்துவார்.

"பாத்தீரே? எனக்குப் பெரிய கிளாஸ், உமக்குச் சின்னக் கிளாஸ்," என்று ஜெயரட்ணம் குலுங்கிச் சிரிப்பார்.

ஒருநாள் அவர் வேலைக்குப் போயிருந்த நேரம், ஏன் தனக்கு மட்டும் வைன் என்று இரஞ்சிதம் கேட்டாள். இவளுடைய இங்கிலீசும் கிழவருடைய இங்கிலீசும் ஒரே தரம் என்பதால் பேச்சு நன்றாகவே ஓடும். கிழவர் ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டார். தன் ஊரில் மதிக்கிறவரை வைனால்தான் வாழ்த்துவார்கள் என்றார். பியரை உயர்த்துவது தாங்கள் வெறுக்கிறவனுக்கு.

இரஞ்சிதத்துக்குத் தேன் குடித்தது போல் இருந்தது. அட கோதாரி, மூன்று வருசமாக இந்த மனுசன் நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொண்டது அவமானத்தையா! வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிழவர் சிரிக்கவில்லை. கதிரையில் சாய்ந்து தன் கதையைச் சொன்னார்.

பத்து வயதில் ரஷ்யரின் படைப்பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே தாய்மொழியில் வாய் திறந்தால் முழங்காலில் நிற்கவேண்டும். பிறகு குதிரைப்படை, ஜெர்மன்காரனோடு சண்டை, மூன்று பதக்கம். விரல்கள் போனதும் அங்கேதான். சக்கரவர்த்தி விழுந்தார், ரஷ்யர் தங்களுக்குள் அடிபட்டார்கள், ஜோர்ஜியா தனிநாடானது. எங்களுக்கென்று இப்போது ஒரு கொடி இருக்கிறது, படை நடத்த ஆளில்லை, உடனே வா என்று தம்பி கடிதம் போட்டான். இவர் போகவில்லை. சக்கரவர்த்தியின் பக்கம் நின்ற ரஷ்யர் ஜெனரல் பதவி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சொன்னபடி தந்தார்கள்தான்: செம்படையிடம் தோற்று ஓடுகிற கப்பலின் மேல்தட்டில் ஒரு துண்டுக் கடதாசி. அவருக்குக் கீழே பதினேழு பேரும் ஒரு நொண்டிக் குதிரையும். அடுத்த மாசியில் செம்படை ஜோர்ஜியாவுக்குள் புகுந்தது; தம்பி செத்தான். ஜெனரல் ஷங்ஹாயில் வங்கி வாசலில் காவல் நின்றார், ஐம்பதாம் ஆண்டு மெல்பேர்ணுக்கு வந்து ரயில் பாதைக்குக் கல் அள்ளினார். தூ, இதுவும் ஒரு ஜெனரல் என்றுதான் இரஞ்சிதத்துக்குத் தோன்றியது.

"அவர்களுடைய விருந்துகளில் சக்கரவர்த்திக்கு நான் பியர்தான் உயர்த்தினேன். ஒரு ரஷ்யனுக்கும் விளங்கவில்லை. பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நினைத்துக்கொண்டேன்," என்றார் கிழவர். "இப்போது பதவி கிடைத்த நாள் வரும்போதெல்லாம் எனக்கே பியர் உயர்த்துகிறேன். தான் வெறுக்கிறவனுடைய மேசையில் இருந்து தின்று, அவனுக்குத் தெரியாமல் சிரிக்கிறவனுக்கு வேறென்ன மரியாதை?"

கடைசியில் சொன்னதை இரஞ்சிதம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பியர் விசயம் ஒன்றே அவளுக்குப் போதுமாயிருந்தது.

எழுபத்தேழு பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கம் தொடங்குவதென்று முடிவாயிற்று. தலைவர் பதவிக்கு ஒரு பக்கம் டொக்டர் வரதராஜா, மறுபக்கம் ஜெயரட்ணம். பொங்கலன்று சாப்பாட்டுக்குப் பிறகு கை உயர்த்தித் தெரிவு.

"பிரதம விருந்தினர் ஆர் தெரியுமே? எங்கட ஜெனரல்!" என்றார் ஜெயரட்ணம் கோட்டுக்கு இஸ்திரி போட்டபடி. "எல்லாருக்கும் முன்னால எழும்பி நிண்டு என்னை வாழ்த்துவார். அதுக்குப் பிறகு டொக்டருக்கு ஆர் கை உயர்த்தப் போயினம்?"

இரஞ்சிதம் வாயைத் திறந்தாள். என்ன இருந்தாலும் கட்டிய புருசன். ஒரு சொல் சொன்னால் போதும், மனுசன் தப்பிவிடுவார்.

"இஞ்சருங்கோப்பா, அந்தப் பியர்..."

"நீர் உந்தச் சலவைக்கூடத்து மணத்தோட வந்து நிண்டு என்ரை மானத்தை வாங்காதேயும். நல்ல சீலையொண்டை உடும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். போங்கோ, போய் வடிவா வாழ்த்து வாங்குங்கோ என்று மனதுக்குள் சொன்னாள்.

மல்கிரேவில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். தை மாதத்து மெல்பேர்ண் கோடை வெயிலில் ஜெனரலுக்குப் பொன்னாடை வேறு போர்த்தி, கிழவரை அவித்தெடுத்தார்கள். பேச்சுகள் முடிந்ததும் ஆம்பிளைகள் வழக்கம்போலக் கார் நிறுத்துமிடத்துக்கு நழுவினார்கள். டொக்டரின் கார் பின்பெட்டிக்குள் ஐஸ் வாளி, பியர்ப் போத்தல்கள், ஒரு வைன் போத்தல். சாப்பிடக் கூப்பிட வந்த இரஞ்சிதம் அங்கேயே நின்றுவிட்டாள்.

"எல்லாரும் இஞ்ச பாருங்கோ! ஜெனரல் வாழ்த்தப் போறார்!" என்றார் ஜெயரட்ணம்.

ஜெனரல் பியர்க் கிளாஸை எடுத்தார். குதி இரண்டையும் சேர்த்தார். ஆனால் உடனே உயர்த்தவில்லை. இரஞ்சிதத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டியிருந்தால் கிளாஸைக் கீழே வைத்திருப்பார், அது அவளுக்கும் தெரிந்தது. அவள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

ஜெனரல் கிளாஸை உயர்த்தி, கணீரென்று வாழ்த்தி, ஒரே மூச்சில் குடித்தார். கைதட்டல் கார் நிறுத்துமிடத்தை நிறைத்தது. "ஜெயரட்ணம் அண்ணைதான் தலைவர், இனியென்ன கதை!" என்று யாரோ கத்தினார்கள். டொக்டரே வந்து கைகொடுத்தார்.

ஜெயரட்ணத்தின் கண் கலங்கிவிட்டது. கூட்டத்தில் தேடி, அவளைப் பிடித்து முன்னால் இழுத்துவந்தார். "நான் பெரிசா ஒண்டும் புடுங்கேல்லை," என்றார் எல்லோரையும் பார்த்து. "இவ ஆஸ்பத்திரியில நிண்டு உடுப்புத் தோய்ச்சுத்தான் எங்கட வீடு நிக்குது. இவவுக்கு இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை." ஜெனரலிடம் திரும்பி, என் மனைவியையும் வாழ்த்துங்கள் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார்.

இரஞ்சிதத்தின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

ஜெனரல் வைன் போத்தலை எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். பிறகு பியர்க் கிளாஸை நுரை வழிய நிரப்பி, குதி இரண்டையும் சேர்த்து, அவளுக்கு நேரே உயர்த்தினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். ஜெயரட்ணம்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

"பாத்தீரே, இரஞ்சி? இண்டைக்கு உமக்கும் பெரிய கிளாஸ்!"