நர்ஸுக்கு மட்டும் ‘நீங்க’

ஒஸ்லாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றால் இந்தத் தீவில் இருக்கிற யாரும் தயங்காமல் சொல்வார்கள். அவளையும் என்னையும் விட்டால் இருபத்தாறு பேர். இருபத்தாறு பேரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். என்னிடம் கேட்டால் கொஞ்சம் வேறு மாதிரி வரும். பத்தொன்பது வருஷமாக அவளைப் பார்த்து வயிறெரிந்தவள் நான். பொறாமைப்படுகிறவளைப் போல ஒருத்தியை உற்றுப் பார்க்கிறவர்கள் வேறு யாரும் கிடையாது.

இங்கே வீட்டுப் பெயரைச் சொன்னால்தான் ஆள் யாரென்று தெரியும். அவள் பிரெக்கன்ஸ் ஒஸ்லா. அந்த வீட்டில்தான் பிறந்தாள். பதினேழு வயதில் பெரிய தீவுக்குப் போய் மீன் தொழிற்சாலையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். அங்கே எல்லாரும் கதவைப் பூட்டிக்கொள்கிறார்கள், மூச்சு முட்டுகிறது என்று திரும்பி வந்துவிட்டாள். வடக்குக் கோடியிலிருந்து எர்ட்டி என்ற சாதுவைக் கட்டிக்கொண்டு வந்து தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். மூன்று பிள்ளைகள், மூன்றும் வெளியூர் போய்விட்டன. எர்ட்டி போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது.

தபால் கொடுப்பது அவள். எட்டுப் பேர் ஏறுகிற விமானத்துக்குச் சீட்டு எழுதுவது அவள். அது இறங்கும்போது தலைக்குப் பெரிதான ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தீயணைப்பு வண்டியில் உட்கார்ந்திருப்பதும் அவளேதான். தீவு முழுக்க அவளிடம்தான் முடி வெட்டிக்கொள்ளும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வெட்டு. என்ன அழகோ! ஆனாலும் போய் உட்காருவார்கள்.

அவள் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வருவார்கள். சேற்றுச் செருப்போடு வருவார்கள், நாயோடு வருவார்கள். அடுப்பின் மேல் உப்புக்கண்டம் போட்ட ஆட்டு சூப் எந்நேரமும் கிடக்கும். அவரவரே கரண்டியை எடுத்து ஊற்றிக்கொள்வார்கள். அவள் இல்லாவிட்டாலும் குடித்துவிட்டுப் போவார்கள்.

நான் நர்ஸ். எஃபி என்று எனக்கொரு பெயர் உண்டு, அது என் சம்பளச் சீட்டில் இருந்தது. டண்டீ நகரத்திலிருந்து வேலைக்கு வந்த நாள் முதல் எல்லாருக்கும் நான் நர்ஸ்தான். என் கதவை மூன்று தடவை தட்டுவார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு மிதியடியில் நிற்பார்கள். அதைவிடக் கொடுமை, இவர்கள் பேச்சில் ‘நீ’ வேறு, ‘நீங்க’ வேறு. கழுதைக்கும் கடவுளுக்கும் ‘நீ’ என்பார்கள். எனக்கு மட்டும் ‘நீங்க’.

ஒருநாள் ஒஸ்லா வீட்டுக்குத் தபால் வாங்கப் போனேன். உள்ளே ஐந்து பேர், ஒரே சிரிப்பு. நான் தலையை நீட்டியதும் சத்தம் அப்படியே அடங்கிப்போனது.

“நர்ஸ் வந்துட்டாங்க. டேய் கிப்பி, எழுந்திருடா, நாற்காலியத் துடைச்சுக் குடு” என்றாள் ஒஸ்லா.

கிப்பி அவள் பக்கத்து வீட்டுக் கிழவன். “துடைக்கிறதுக்கு என் நாய்தான் இருக்கு. அதுக்கும் போன வாரம் நீதானே முடி வெட்டுன, நர்ஸுக்கு அது யாருன்னே தெரியாது.”

“உன்னைவிட அதுக்குத்தான்டா வெட்டு எடுப்பா இருக்கு. போய் உட்காரு அந்தப் பக்கம். நீங்க உட்காருங்க நர்ஸ், சூப் ஊத்தட்டுங்களா?”

ஊற்றித் தந்தாள். என் கிண்ணத்துக்கு மட்டும் கீழே தட்டு வைத்துத் தந்தாள். அந்தத் தட்டைத் தூக்கி எறியலாமா என்று வந்தது. மரியாதையாகக் குடித்துவிட்டுத் தபாலோடு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

போன ஏப்ரலில் ஓய்வு பெற்றேன். புதிதாக ஒரு சின்னப் பெண் நர்ஸாக வந்தாள். நர்ஸ் வீட்டை அவளிடம் விட்டுவிட்டு, கீழே காலியாகக் கிடந்த ஸ்டோவ் என்ற வீட்டை ஆறு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்தேன். இனி மருந்து வாடை இல்லை, ஊசி இல்லை, தள்ளிக்கொண்டு வரட்டும் என்று ஆசைப்பட்டேன். ஒருத்தராவது அப்படி வந்தால் இங்கேயே இருந்துவிடுவது. இல்லாவிட்டால் டண்டீயில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது. அடுப்பில் சூப்புகூட வைத்துப் பார்த்தேன். வந்தார்கள். மூன்று தடவை தட்டினார்கள். “நர்ஸ், உள்ள வரலாங்களா?” ஆறு மாதமும் இதே பாட்டு.

அக்டோபரில் ஒஸ்லாவிடம் போய் வியாழக்கிழமை விமானத்தில் ஒரு சீட்டு எழுதச் சொன்னேன்.

“திரும்பறதுக்கும் எழுதணுங்களா?”

“வேண்டாம். போக மட்டும்.”

பேனாவை ஒரு நிமிஷம் நிறுத்தினாள். பிறகு எழுதினாள். “சரிங்க” என்றாள். அவ்வளவுதான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கிப்பி போகிறேன் என்றிருந்தால் கரண்டியாலேயே அடித்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் ஒஸ்லா.

எனக்கு வந்ததே கோபம்! “யார் வீட்டுக் கதவையும் தட்டாதவ, என் கதவை மட்டும் தட்டுறியா? நான் என்ன போலீஸ் ஸ்டேஷனா நடத்துறேன்? போறப்பகூட ஒரு தடவை தள்ளிக்கிட்டு வர மாட்டியா? கிப்பியோட நாய்கூட உன் வீட்டுக்குள்ள கேட்காம வருது. எனக்கு மட்டும் வாங்க, போங்க, தட்டு வச்சுக் கிண்ணம்! வயிறு எரியுதுடி எனக்கு! பத்தொன்பது வருஷமா எரியுது!”

அவள் முகமும் சிவந்தது.

“உனக்கு எரியுதா? நல்லா இருக்கே நியாயம்! என் வீட்டுக்கு வர்றவன் பூரா சூப்பைக் குடிச்சுட்டு ஆட்டைப் பத்தியும் காத்தைப் பத்தியும் பேசிட்டுப் போறான். ஒருத்தன், ஒருநாள், மனசுல இருக்கிறத எங்கிட்ட சொல்லியிருப்பானா? சொல்லணும்னா உன் கதவைத்தான் போய்த் தட்டுவான். எம்பொண்ணு உண்டாயிருந்தப்ப உனக்குத்தான் முதல்ல தெரியும். எர்ட்டி வயித்துல கட்டின்னு எனக்குத் தெரியறதுக்கு மூணு வாரம் முன்னாடியே உனக்குத் தெரியும். எம்பக்கத்துல படுத்திருந்த மனுஷன்! நான் அவனுக்கு சூப் ஊத்திக்கிட்டு இருந்தேன், அவன் உன்கிட்ட வந்து அழுதிருக்கான். உன் கதவைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.”

கோபத்தில் அவளுடைய ‘நீங்க’ கழன்று விழுந்துவிட்டது. அந்த நேரத்திலும் அதை நான் கவனித்தேன்.

“உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கையைப் பிடிச்சுக் கேட்டான், ஒஸ்லா. ஆட்டுக்கு ரோமம் வெட்டி முடியட்டும்னான். நான் என்ன செய்ய?”

“தெரியும். நீ செஞ்சது தப்பில்லைன்னும் தெரியும். அதுதான் இன்னும் எரியுது.”

கதவு திறந்தே கிடந்தது. மழைச் சாரல் உள்ளே அடித்தது.

“இப்ப எதுக்கு வந்தே? சண்டை போடவா?” என்றேன்.

“தட்டுனேன்ல” என்றாள்.

எனக்கு உறைத்தது. என் கதவைச் சும்மா வந்து யாரும் தட்டியதில்லை. அவள் கை கோட்டின் இடது பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

“குளிக்கிறப்ப கட்டியாட்டம் கையில பட்டுது. பத்து நாளாச்சு. புது நர்ஸு நல்ல பொண்ணுதான், குத்தம் சொல்லல. ஆனா அவகிட்ட போய் எப்படிச் சொல்றது?”

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். தீவே நுழைகிற வீட்டுக்காரி, யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்ல வந்திருக்கிறாள் என்ற சந்தோஷம். சீ, என்ன ஜென்மம் நான்! அவளுடைய கை இன்னும் அந்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

“வியாழக்கிழமை விமானத்துல இன்னொரு சீட்டு இருக்கா?”

“ரெண்டு இருக்கு.”

“ஒண்ணை உம்பேருக்கு எழுது. ஆஸ்பத்திரிக்கு நான் ஃபோன் பண்ணிடறேன். உன்கூட நான் வரேன்.”

“நீ டண்டீ போறியே?”

“ரெண்டு பேருக்கும் திரும்பறதுக்கும் சேர்த்து எழுது.”

“சனிக்கிழமைதான் திரும்ப விமானம்.”

“சனிக்கிழமைக்கே எழுது. அதுக்கு மேல இழுத்தா மாத்திக்கலாம். முதல்ல கோட்டைக் கழட்டு, கையைத் தலைக்கு மேல தூக்கு.”

கட்டிலில் கிடந்த பெட்டியைத் தள்ளிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பித்தானாகக் கழற்றினாள். நான் பக்கத்தில் போனதும் சற்றே பின்வாங்கினாள்.

“உன் கை ஜில்லுனு இருக்கும்னு எர்ட்டி சொல்லியிருக்கான்.”

நான் அடுப்புக்குப் போய்க் கைகளைக் காட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்தேன்.