மார்கழிக்கு ஐந்தாம் நம்பர்

எங்கள் நிலத்தின் குறுக்கே ஓர் ஓடை போகிறது. அதற்கு இந்தப் பக்கம் வெள்ளையடித்த ஒரு கல். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் பந்தை வைத்துத்தான் அடிக்க வேண்டும். அந்தப் பக்கம் மூங்கில் குச்சியில் சிவப்புத் துணி கட்டிய ஒரு குழி. பந்து ஓடையைத் தாண்டி விழுந்தால் ஆட்டம் உண்டு. தாண்டாவிட்டால் தண்ணீரில் இறங்கித் தேட வேண்டியதுதான்.

ஜவ்வாது மலையில் கோல்ஃபா என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் விளக்கம் கொடுக்காமல் நகர்ந்துவிடுவேன். இங்கே கொடுக்கிறேன்.

நான் கணியம்பாடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். ராணுவத்தில் செவிலியர் அதிகாரியாக வேலை பார்த்தேன். எந்த ஊருக்கு மாற்றல் ஆனாலும் கண்டோன்மென்ட்டில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கும். சாயங்காலம் சீட்டாட்டமும் வம்பும் எனக்குப் பிடிக்காது. அதனால் மட்டையைப் பிடித்தேன். என் கணவர் இந்த மலைக்காரர். காவலூரில் வானாய்வு நிலையத்தில் மின்சாரப் பகுதியில் இருந்தார். எங்கள் திருமணம் இரண்டு வீட்டாருக்கும் பிடிக்காமல் நடந்தது. அது வேறு கதை. நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றதும் அவர் பங்குக்கு வந்த நிலத்தில் வீடு கட்டினோம். நிலத்தில் பாதி பாறை. சாமை கூடச் சரியாக வராது. அதில் நான் மூன்று குழி வெட்டினேன். அவருக்கு விளையாடக் கற்றுக்கொடுத்தேன். இப்போது என்னைவிட நன்றாக ஆடுகிறார். அதை நான் அவரிடம் சொல்வதில்லை.

கோல்ஃப் பையில் பல மட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நம்பர் ஏற ஏற மட்டை குட்டையாகும். பந்து உயரமாக எழும்பிச் சீக்கிரம் விழும். நம்பர் குறையக் குறைய மட்டை நீளும்; பந்து தாழ்வாகப் பறந்து தூரம் போகும். எங்கள் ஓடைக்கு என் மட்டை ஏழாம் நம்பர். குழி வெட்டிய நாளிலிருந்து அதுதான்.

போன சித்திரையில் ஆலங்காயம் மலைப்பாதையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தேன். வலது தோள் எலும்பு உடைந்தது. வேலூரில் தகடு வைத்துத் தைத்தார்கள். எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை இப்போது நானே பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றிக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோக ஒரு பருவமே ஆனது. இனிமேல் கோல்ஃப் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லவில்லை. மற்ற எல்லோரும் சொன்னார்கள். என் அண்ணன் போனில், “அந்தக் குச்சிங்கள யாருக்காவது குடுத்துரு. வயசுக்கு ஏத்தாமாரி இரு” என்றான்.

நான் கொடுக்கவில்லை. புரட்டாசியில் கல்லருகே நின்று ஏழாம் நம்பரை வீசினேன். பந்து ஓடையைத் தாண்டியது. வலித்தது, ஆனால் தாண்டியது. அன்று மத்தியானம் நானே பாயசம் வைத்தேன்.

பிறகு மார்கழி வந்தது. கீழே இருப்பவர்களுக்கு எங்கள் குளிர் தெரியாது. காலையில் புல் முழுக்கப் பனி ஊறிக் கிடக்கும். பள்ளத்தாக்கு மேகத்தால் நிரம்பியிருக்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து எடுத்தால்தான் தலைக்கு எண்ணெய். பனியன், சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், கழுத்தைச் சுற்றி மஃப்ளர் எல்லாம் போட்டுக்கொண்டு போய் நின்றேன். அதே மட்டை, அதே வீச்சு. பந்து ஓடையின் நடுவில் விழுந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். தகடு வைத்த இடத்தில் ஒரு கடுகடுப்பு. மட்டை பந்தில் படும்போது கல்லை அடித்தது போல உள்ளங்கை வரை அதிர்ந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் எங்கள் நிலத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவள் என் கணவரின் தம்பி முறையுள்ளவரின் மனைவி. ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவள் கேட்டாள்: “இன்னாக்கா, பந்து இந்தாண்ட வர்றதே இல்ல? கை முடியலயா?”

“கை நல்லாதான் இருக்குது” என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே போனாள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். நோயாளியின் படுக்கையை விட்டு நகர்ந்ததும் செவிலியர்கள் நாங்கள் ஆட்டுகிற தலை அது.

மறுநாள் காலை அடித்த பந்து தாண்டிவிட்டது. சந்தோஷப்படத் தொடங்கியபோதுதான் காலடியில் புதிதாகக் கிளறிய மண் தெரிந்தது. கல் இருந்த பழைய பள்ளம் எனக்குப் பின்னால், நன்றாகப் பல எட்டு தள்ளி இருந்தது. கல்லை யாரோ பெயர்த்து முன்னால் நட்டிருக்கிறார்கள். யாரோ என்ன, இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

“கல்ல நகத்தினது நீங்களா?”

அவர் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஆமாமா. கொஞ்சம் முன்னால இருந்து அடி. இன்னா இப்போ? நாம ரெண்டு பேருதானே ஆடறோம்.”

“நீங்க எங்கேர்ந்து அடிப்பீங்க?”

அவர் துடைத்த பந்தையே மறுபடி துடைத்தார். பின்னாலிருந்துதான் அடித்திருப்பார்.

“எனக்குச் சொல்லாம ஏன் செஞ்சீங்க?”

“சொன்னா நீ ஒத்துக்குவியா? தெனம் தண்ணில எறங்கித் தேடறியே, பாக்க எனக்குக் கஷ்டமா இருக்குது. தோளு மறுபடியும் போச்சுன்னா இன்னா பண்றது?”

அவர் குரலில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தை மூட்டியது. என்னைப் பிடிக்காதவர் செய்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். கடப்பாரையை எடுத்து வந்தேன். கல்லைப் பெயர்த்து, உருட்டிக்கொண்டே போய்ப் பழைய பள்ளத்தில் இறக்கினேன். தோள் எரிந்தது. அவர் உதவிக்கு வந்தபோது, “நீங்க தொடாதீங்க” என்றேன். அன்றைக்கு முழுவதும் நாங்கள் சோறு, குழம்பு என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

ஆனாலும் உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். ஒருவேளை தோள் அவ்வளவுதானோ என்று நினைத்தேன். மறுநாள் அவர் அடிக்கும்போது, வேறு வேலையில்லாமல் அவர் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய பந்து எப்போதும் குழியைத் தாண்டிப் பலாமரத்தடியில் போய் நிற்கும். அன்று ஓடைக் கரையை ஒட்டி விழுந்து அங்கேயே நின்றது. இன்னொன்று அடித்தார். அதுவும் அங்கேதான்.

“சரியா படல” என்றார்.

“நேத்து?”

“நேத்தும் சரியா படல.”

எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் பந்தும்தான் குறைந்திருக்கிறது. அவர் தாண்டிவிடுவதால் யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு அது சரியாகப் படாதது. எனக்கு மட்டும் அது வயதும் தோளும். அவருடைய தோளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

அன்று நடுப்பகலில், வெயில் ஏறிப் பாறை சுட்ட பிறகு, ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாகப் போனேன். பந்துக்குச் சூடு ஏற அதுவரை அதை மடியில் வைத்திருந்தேன். அதே கல், அதே ஏழாம் நம்பர். பந்து தாண்டியது. இன்னொன்று, அதுவும் தாண்டியது. அந்தப் பக்கம் ஆடுகள் இரண்டு துள்ளி ஓடின.

வடக்கே வேலை பார்த்தபோது உறைபனிக் காலையில் எல்லோரும் ஒரு நம்பர் குறைத்துத்தான் எடுப்பார்கள். குளிர்ந்த பந்து கெட்டிப்பட்டுவிடும், அடித்தால் துள்ளாது. குளிர்ந்த காற்று கனம். பந்தைப் பிடித்து இழுக்கும். மூன்று துணி போட்ட உடம்பு முழுதாகத் திரும்பாது. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். நம் ஊரில் அந்த யோசனை வரவே இல்லை. வயது என்கிற பதில் முன்னாலேயே கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது வேறு பதிலை யார் தேடுகிறார்கள்?

அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்போ மதியானமே ஆடலாமே” என்றார்.

“மாட்டேன். நான் எப்பவும் காலைலதான் ஆடறது.”

கிறிஸ்துமஸுக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தான். பண்டிகை முடிந்த மறுநாள் காலை, நான் பையைத் தூக்குவதைப் பார்த்து அவனும் பின்னாலேயே வந்தான். போர்வையைத் தலையோடு சுற்றியிருந்தான். கண் மட்டும் தெரிந்தது. பந்துகளை வெந்நீர் ஒத்தடப் பையோடு துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தேன். அவன் அதைப் பார்த்து என் கணவரிடம், “இன்னா மாப்ள, முட்டை அவிக்கறாளா?” என்றான்.

குளிருக்கு ஒன்று, மெல்ல வீச இன்னொன்று என இரண்டு நம்பர் குறைத்து நான் ஐந்தாம் நம்பரை உருவினேன். அவனுக்கு விளையாட்டு தெரியாது, ஆனால் எந்த மட்டை நீளம் என்று பார்த்தால் தெரியும்.

“பெரிய குச்சியா எடுக்கறே? அப்போ பழைய பலம் இல்லன்னு நீயே ஒத்துக்கற. இது ஏமாத்துதானே?”

“நீ போர்வைய சுத்திக்கினு நிக்கறியே அண்ணே, அது ஏமாத்தா?”

என் கணவர் திரும்பிக்கொண்டு இருமினார்.

முதல் பந்தைக் கெடுத்தேன். அண்ணனுக்குக் காட்ட வேண்டும் என்ற வேகத்தில் முழு பலத்தையும் போட்டேன். பந்து தரையோடு உருண்டு ஓடைக்குள் போனது. “சொன்னேன்ல” என்றான் அவன். நான் அடுத்த பந்தை வைத்தேன். நீள மட்டை எடுப்பதே மெல்ல வீசத்தான். கால்களைச் சேர்த்து நின்று, பாதி பலத்தில், அவசரப்படாமல் வீசினேன். பந்து தாழ்வாகப் போய் மேகத்துக்குள் மறைந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து அந்தப் பக்கத்திலிருந்து, “வந்துருச்சுக்கா, எங்க வரப்பாண்ட கெடக்குது” என்று ஆடு மேய்ப்பவளின் குரல் வந்தது. குழியைவிட அதிக தூரம் போய்விட்டது. இருக்கட்டும்.

என் கணவர் கையிலிருந்த ஏழாம் நம்பரைப் புல்லில் போட்டுவிட்டு, “எனக்கும் ஆறு எடுத்துக் குடு” என்றார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. “பை அங்கதான் இருக்குது” என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்தார். அவர் பந்து பலாமரத்தில் பட்டு நின்றது.

இரண்டாவது குழி மேட்டில் இருக்கிறது. முதல் குழியை முடித்து அங்கே போகும்போது மேகம் எங்கள் மேலேயே ஏறிவிட்டது. அண்ணனுக்குப் பல் கிட்டியது.

“போதும் வா, வூட்டுக்குப் போலாம். காபி வெச்சிருப்பாங்க. தோளுக்கும் ஆவாது.”

“இன்னும் ரெண்டு குழி இருக்குது அண்ணே.”

“யாரு பாக்கப் போறா?”

“யாரும் பாக்க வேணாம். நீ போ, நான் முடிச்சிட்டு வர்றேன்.”

அவன் போர்வையை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனான். நான் மேட்டைப் பார்த்தேன். குளிர், ஏற்றம், எதிரே மெல்லிய காற்று. பையைத் துழாவி நான்காம் நம்பரை எடுத்தேன்.