பேரி மரத்தின் ஊசித் துளைகள்

ஞானாம்பாள் அம்மையார் மறைந்த செய்தி வந்தபோது நான் பீங்கான் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் மெருகுக் கலவையை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். பெண்கள் பள்ளியின் ப்யூன் சைக்கிளில் வந்து வாசலிலேயே நின்றார். "டிராயிங் டீச்சர் காலையில தவறிட்டாங்க சார். உங்களுக்கு மொதல்ல சொல்லச் சொன்னாங்க." விருத்தாசலத்தில் அவருக்கு நெருங்கிய நண்பர் என்று என்னைத்தான் சொல்வார்கள். இந்த நினைவு மலருக்கு எழுதும்படி என்னைக் கேட்டதும் அதனால்தான். கேட்டவர்கள் எதிர்பார்த்த கட்டுரை இதுவன்று.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பள்ளிக் கண்காட்சியில் அவரை அறிந்தேன். அவருடைய தந்தையார் புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். பிரான்சுக்குத் திரும்பிய அதிகாரி ஒருவர் அவருக்கு ஆறு பழமரப் படங்களைக் கொடுத்துச் சென்றிருந்தார். செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சிட்டு, பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையாலேயே வண்ணம் தீட்டிய மிகப் பழைய படங்கள். பேரி, ஆப்பிள், பிளம், செர்ரி, பீச், அத்தி. "அத்தி ஒண்ணுதான் சார் நம்ம ஊரு ஆளு. மத்ததெல்லாம் விருந்தாளி" என்பார். பேரி இலையொன்றில் புழு அரித்த இடத்தைக் காட்டி, "இதையும் வுடாம வரைஞ்சிருக்கான் பாருங்க. பொய் சொல்லத் தெரியாத கை" என்றார் ஒருநாள்.

பழ வடிவம் வரைந்த தட்டுகளுக்கு மாதிரி கேட்டு எங்கள் தொழிற்சாலைக்குக் கடிதம் வந்தது. நான் போய்ப் பேரிப் படத்தைக் கேட்டேன். சற்றுத் தயங்கினார். "உங்க கையில குடுத்தா பத்திரமா இருக்கும். பாத்து வரையட்டும் சார். மேல பென்சில்கூடப் படக் கூடாது."

எங்கள் வழக்கம் இது: படத்தை மெல்லிய தாளில் பிரதியெடுத்து, அந்தப் பிரதியின் கோடுகள்மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்துவோம். அதைத் தட்டின்மேல் வைத்துக் கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் ஒற்றினால் புள்ளிகள் விழும். ஓவியர் அவற்றை இணைப்பார். அன்று மெல்லிய தாள் தீர்ந்திருந்தது. மறுநாள் ரயிலில் மாதிரித் தட்டு போயாக வேண்டும். ஊசித் துளை யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். அறையைச் சாத்திக்கொண்டு, மூலப்படத்திலேயே குத்தினேன். கரியையும் நானே ஒற்றினேன். பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவன் செய்த காரியம் அது.

திருப்பிக் கொடுத்தபோது அம்மையார் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மரம் முழுவதும் ஒளிப் புள்ளிகள். பழத்தின் மஞ்சளில் கரி இறங்கியிருந்தது.

"யாரு சார் குத்துனது?"

"பெயிண்டிங் ஆளு. முருகேசன்."

அந்தப் பெயர் என் வாயிலிருந்து தடையின்றி வந்தது. எங்கள் ஓவியர்களில் தேர்ந்தவர் முருகேசன். அவர் அந்தப் படத்தைத் தொட்டதே இல்லை.

பேச்சு பள்ளியிலிருந்து மேலாளர் காதுக்கு எட்டியது. அவர் என்னைக் கேட்டார், நான் மறுக்கவில்லை. முருகேசனைக் களிமண் பிசையும் பகுதிக்கு மாற்றினார்கள். "நான் அத பாத்ததுகூட இல்லையே சார்?" என்று என்னிடம்தான் வந்து கேட்டார். "கொஞ்ச நாள் பொறு, பாக்கலாம்" என்றேன்.

அம்மையார் வெயிலில் நடந்தே தொழிற்சாலைக்கு வந்தார். "படம் போனாப் போவுது சார். அவர மறுபடி பிரஷ்ஷு புடிக்க வுடச் சொல்லுங்க. நீங்க சொன்னா மேனேஜர் கேப்பாரு."

"பாக்குறேன்மா."

பார்க்கவில்லை. முருகேசனுக்காகப் பேசினால் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மையார் விசாரிப்பார்: "அவருக்கு இன்னும் ஒண்ணும் ஆவலையா சார்?" பத்தாண்டுக்கும் மேலாக அதே கேள்வி, என்னிடம் அதே "பாக்குறேன்மா". என்மேல் அவருக்கு ஒரு நாளும் ஐயம் எழவில்லை. அதை நான் நட்பு என்று ஏற்றுக்கொண்டிருந்தேன்.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர், அம்மையார் தம் அரிய படத்தை ஊரின் தொழிலுக்காக மனமுவந்து வழங்கினார் என்று பேசினார். கை தட்டினார்கள். வழங்கவில்லை, நம்பிக் கொடுத்தார். அதை நான் பாழாக்கினேன். பழியை அடுத்தவர் தலையில் வைத்தேன். இந்தக் கட்டுரையின் படியொன்று இன்று மேலாளர் மேசைக்கும் போகிறது. மண்ணில் காய்த்துப்போன அந்தக் கைகள் இனித் தூரிகைக்கு வணங்குமா என்று எனக்குத் தெரியாது.

அன்று மணிமுத்தாற்றங்கரைக்குப் பாடையைத் தூக்கிப் போகும்போது முன்பக்கத் தோள் முருகேசனுடையதாக இருந்தது. அம்மையாரின் தம்பிதான் அவரைக் கூப்பிட்டார். "நீங்க வாங்கண்ணே. அக்கா உங்களப் பத்திதான் எப்பவும் கேக்கும்." பாதி வழியில் தோள் மாற்றினார்கள். முருகேசன் என்னைக் கண்டு சற்று ஒதுங்கி, "வாங்க சார், நீங்க புடிங்க" என்றார். என்னால் முடியவில்லை. தலையசைத்துப் பின்வாங்கினேன். அவரே மறுபடி தோள் கொடுத்தார்.

அம்மையாரே, கடைசியாக உங்களைச் சுமந்தவர் உங்கள் படத்தைத் தொடாதவர். குத்தியவன் பின்னால் வெறுங்கையோடு நடந்து வந்தான். போய் வாருங்கள்.