சோபனா கண்ணுக்கு மருந்து தேடிய கதை

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கிற சோபனாவைச் சும்மா உட்காரவைக்க யாராலும் முடியாது. பகலில் மல்பெரித் தழையை அறுத்துக் கட்டித் தலையில் ஏற்றிவிட்டால், கூட வருகிறவர்கள் மூச்சு வாங்க வேண்டும். ஆனால் பொழுது சாய்ந்தால் அதே சோபனா சுவரைத் தடவிக்கொண்டுதான் நடப்பாள். அவள் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. பரம்பரையாக வருகிற விழித்திரை நோய். முதலில் இருட்டில் தெரியாது, அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கும், அதற்கு அப்புறம் வருவதைப் பேச அவளுக்குப் பிடிக்காது.

கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "ஏதோ ஒரு வகைக்கு வெளிநாட்டுல சிகிச்சை வந்திருக்கு. உங்க வகைக்கு இன்னும் வரலைம்மா. அதுவரைக்கும் கண்டதையும் கண்ணுல ஊத்தாதீங்க."

கேட்டுவிட்டு அடங்கிப்போக அவள் என்ன வேறு யாரோவா? ஆட்டு ஈரல் தின்றாள். பொன்னாங்கண்ணியைக் கட்டுக்கட்டாக ஆய்ந்தாள். காதைச் சுற்றி ஊசி குத்திக்கொண்டாள். ஒவ்வொன்றையும் "இதுதாங்க, இதேதான்!" என்று குதித்துக்கொண்டு ஆரம்பிப்பாள். அதெல்லாம் தனக்காக. போன வருஷம் மகள் ராதிகா சாயங்காலமானால் வாசலில் கிடக்கிற கட்டிலில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அன்றிலிருந்து சோபனாவுக்கு வெறி பிடித்துவிட்டது.

அப்போதுதான் சந்தைக்கு வருகிற ஒரு வைத்தியரின் பச்சிலைச் சொட்டு மருந்து கிடைத்தது. ஊற்றினால் மிளகாய் பட்ட மாதிரி எரியும். பத்தியமும் கடுமை. புளி கூடாது, காரம் கூடாது, புழு ஷெட் பக்கமே தலைகாட்டக் கூடாது. ஷெட் வேலை முழுவதையும் புருஷன் அருள்குமார் தலையில் கட்டிவிட்டு, அவள் கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் கிடந்தாள். சோபனாவைப் பொறுத்தவரை அதுதான் பெரிய பத்தியம்.

பத்தியம் முடிந்த அன்று சாயங்காலம், விளக்குப் போடுவதற்கு முன்பே ஷெட்டுக்குள் காலை வைத்தாள். புழு அடுக்குகளுக்கு நடுவே இருக்கிற நடைபாதை கடைசிச் சுவர் வரைக்கும் தெரிந்தது!

"ஏங்க! ஓடியாங்க! எனக்கு வழி தெரியுதுங்க! கோடி வரைக்கும் தெரியுது!"

அருள்குமார் தழைக்கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். சுவரைத் தொடாமல் அவள் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்து அவனும் அவள் பின்னாலேயே நடந்தான். பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் சுற்றிப்போட மிளகாயும் உப்பும் எடுத்துவந்துவிட்டாள். சோபனா வாயெல்லாம் பல்லாக வைத்தியருக்குப் போன் போட்டாள். "நாளைக்கே வாங்க, எம் பொண்ணுக்கும் ஊத்தணும்."

மறுநாள் பொழுது இறங்குகிற நேரத்தில் வைத்தியர் வந்தார். ராதிகா வாசல் கட்டிலில் குள்ளம்மாள் மடியில் தலைவைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

"இருங்க, முதல்ல நான் நடக்கறதப் பாருங்க" என்று சோபனா விறுவிறுவென்று ஷெட்டைப் பார்த்து நடந்தாள். பாதி வாசலில் ஆட்டுக் கயிறு தடுக்கிக் குப்புற விழுந்தாள்.

"மருந்து இப்பத்தான் புடிச்சிருக்கு. போகப்போகச் சரியாயிடும்" என்றார் வைத்தியர்.

"அப்ப ஷெட்டுக்குள்ள மட்டும் எப்படிங்க புடிச்சுது?"

கேட்டதோடு விடுகிற ஆளா அவள்? எழுந்து ஷெட்டுக்குள் போனாள், வழி தெரிந்தது. வெளியே வந்தாள், தெரியவில்லை. மறுபடி உள்ளே போய்க் குனிந்து பார்த்தாள். நடைபாதையின் இரண்டு ஓரமும் வெள்ளை. காலால் ஓர் இடத்தைத் தேய்த்தாள். அந்த இடத்தில் வழி காணாமல் போனது. புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, கீழ என்னத்தப் போட்டீங்க?"

"சுண்ணாம்புதான். முன்னால வளர்த்த புழுவெல்லாம் நோவுல செத்துப்போச்சில்ல, அதான் ஷெட்டக் கழுவிவுட்டு ஓரமெல்லாம் கெட்டியாப் போட்டேன். சுவத்துக்கும் அடிச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இதெல்லாம் சொல்ற விசயமா?"

அவன் கேட்டதும் நியாயம்தான். புழு வளர்க்கிறவர்களுக்குச் சுண்ணாம்பு என்றால் புழுவுக்கு நோவு வராமல் இருக்க. கண்ணுக்கும் அதற்கும் யார் முடிச்சுப் போடுவார்கள்?

சோபனா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவள் கண் குணமாகவில்லை, இந்த மருந்தால் ஆகாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால் மகள் ஞாபகம் வந்ததும் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள். தட்டுத்தடுமாறிக் கட்டிலுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கி நிறுத்தினாள்.

"எம் பொண்ணு கண்ணுல இது வேணாங்க."

"ஆத்திரப்படாதீங்கம்மா…"

"எனக்குத் தெரிஞ்சது சுண்ணாம்புங்க, உங்க மருந்தில்ல. நீங்க கெளம்புங்க."

வைத்தியர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார். ராதிகா கண்ணைத் திறந்து ஷெட் வாசலைப் பார்த்தாள். "மா, இங்கருந்தே வெள்ளைக் கோடு தெரியுது."

அவ்வளவுதான், சோபனாவைப் பிடிக்க முடியவில்லை. விடிந்ததும் ஒரு மூட்டைச் சுண்ணாம்பை இழுத்துப்போட்டாள். வாசற்படி விளிம்பு, தண்ணீர்த் தொட்டி, ஆட்டுக் கொட்டகை, அங்கிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் பாதையின் இரண்டு ஓரம். குள்ளம்மாளும் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஊர் சும்மா இருக்குமா?

"இன்னாம்மா, மந்திரி வர்றாரா?"

"ஆமா, வர்றாங்க. ஏழாவது படிக்கிறாங்க!"

அன்று இருட்டுக் கட்டுகிற நேரத்தில், டியூஷன் முடிந்து ராதிகா வருகிற பஸ் ஹாரன் அடித்தது. எப்போதும் அருள்குமார் டார்ச் லைட்டோடு போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருவான். இன்றைக்கும் கிளம்பினான்.

"வுடுங்க. அவளே வருவா."

சொல்லிவிட்டாளே தவிர, அவளே பாதை முனைக்குப் போய்விட்டாள். பஸ் போய்விட்டது. பாதையில் யார் வருகிறார்கள், வருகிறார்களா என்றே அவளுக்குத் தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். புத்தகப் பை முதுகில் தொம்தொம்மென்று அடிக்கிற சத்தம் முதலில் கேட்டது.

"ஏங்க, பாத்துச் சொல்லுங்க! எம் பொண்ணு ஓடியாராளா?"