மஞ்சக்காமாலை டார்ச்

எங்கள் வீட்டு டார்ச் லைட்டை நான் குப்பைத் தொட்டியில் போடுவதும், என் வீட்டுக்காரர் அதை எடுத்துத் துடைத்து மறுபடியும் ஆணியில் மாட்டுவதும் பல வருஷமாக நடந்துவந்த கூத்து. மூன்று பேட்டரி போடுகிற நீளமான பித்தளை டார்ச். மேலே இருந்த வெள்ளைப் பூச்சு உரிந்து, கை பிடிக்கிற இடம் மட்டும் பளபளக்கும். சுவிட்சைத் தள்ளினால் எரியாது. தள்ளிவிட்டு உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டவேண்டும். தட்டினால் எரியும், எரிந்துகொண்டிருக்கும்போதே அணையும். பின்மூடி மரை தேய்ந்துபோனதால் உள்ளே பிஸ்கட் பாக்கெட்டின் ஜிகினாத்தாளை மடித்து வைத்திருந்தார். கண்ணாடியில் ஒரு விரிசல், அதன்மேல் டேப். இத்தனை வைத்தியம் பார்த்த பிறகு வருகிற வெளிச்சமாவது உருப்படியா என்றால், மஞ்சக்காமாலை வந்தவன் கண் மாதிரி ஒரு வெளிச்சம்.

பேட்டரி தீர்ந்தாலும் தூக்கிப் போடமாட்டார். மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் காயவைப்பார். நான் வடகம் பிழிந்திருக்கும் துணியின் ஓரத்திலேயே அதற்கும் இடம். ஒருமுறை ஒரு பேட்டரி ஒழுகி, வடகத்தோடு துணியையும் சுருட்டி எறிந்தேன்.

"வெயில்ல வெச்சா சார்ஜ் ஏறும்மே" என்றார்.

"உங்க தலைக்குத்தான் ஏறியிருக்கு" என்றேன். அதற்குள் இன்னொரு பேட்டரியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் திருத்தணி மலைமேல் ஒரு டிபன் கடையில் மாஸ்டர். காலையில் பஸ்ஸில் ஏறிப் போவார். இருட்டிய பிறகு கடையைக் கழுவிவிட்டு நடந்து இறங்குவார். படிக்கட்டில் பாதி தூரம் வந்து, அங்கிருந்து எங்கள் தெருப்பக்கம் பிரிகிற ஒற்றையடிப் பாதையில் வருவார். படிக்கட்டில் விளக்கு உண்டு. இந்தப் பாதையில் கல்லும் முள்ளும்தான் உண்டு, மழைக்காலத்தில் பாம்பும் உண்டு. திரும்பி வரவும் பஸ் இருக்கிறதே, ஷேர் ஆட்டோ இருக்கிறதே என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். "எறங்கறதுக்கு எதுக்கும்மே வண்டி? கால் இன்னாத்துக்கு கீது?" என்பார். செல்போன் இருக்கிறது. அதில் சார்ஜ் இருக்காது. சார்ஜ் இருக்கிற நாளில் போனைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவார்.

அந்தக் கால் எதற்கு இருக்கிறது என்பது முந்தின வருஷத்து மழைக்காலத்தில் தெரிந்தது. நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். கொடியில் காயப்போட்ட லைனிங் துணியை மறந்துவிட்டு, தூறல் விழவும் மாடிக்கு ஓடினேன். மலைப்பக்கம் அவருடைய மஞ்சள் வெளிச்சம் இறங்கி வந்துகொண்டிருந்தது. பாதை திரும்புகிற இடத்தில் ஒரு பெரிய பாறை உண்டு. அந்தப் பாறையிடம் வந்து வெளிச்சம் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. துணியை அப்படியே போட்டுவிட்டு இறங்கி, எதிர்வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினேன். கணுக்கால் எலும்பு உடைந்து, எழுந்திருக்க முடியாமல் மழையில் உட்கார்ந்திருந்தாராம். கூப்பிட்டுப் பார்த்தாராம், யாருக்கும் கேட்கவில்லை.

மாவுக்கட்டோடு படுத்திருந்த நாளெல்லாம் பார்க்க வந்தவர்களிடம், "முருகன்தான் ஆட்டோக்காரன அனுப்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அனுப்பியது நான். நானும் வாயைத் திறக்கவில்லை, ஆட்டோக்காரரையும் சொல்லவிடவில்லை. மாடியிலிருந்து பார்த்தேன் என்று சொன்னால், "நீதான் பாத்துகினு கீறியே, அப்றம் இன்னா பயம்?" என்று அந்தப் பாதையை விடவே மாட்டார். இந்த மனுஷனை எனக்குத் தெரியாதா?

சொல்லாமல் இருந்தும் விடவில்லை. கட்டுப் பிரித்து, கொஞ்ச நாள் நொண்டிவிட்டு, மறுபடியும் அதே பாதை, அதே டார்ச். அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு எனக்கு மாடியில் ஒரு வேலை வந்துவிடும். துணி எடுக்கவேண்டும், தொட்டியில் தண்ணீர் ரொம்பிவிட்டதா பார்க்கவேண்டும். மழை நாளில்கூடத் துணி எடுக்கப் போகிறவள் இந்தத் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெளிச்சம் பாறையைத் தாண்டுகிறவரைக்கும் நிற்பேன். தாண்டியதும் கீழே போய் ரசத்தை அடுப்பில் வைப்பேன். அவர் செருப்பைக் கழற்றும்போது நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

பாதையை மாற்ற முடியவில்லை, டார்ச்சையாவது மாற்றலாம் என்று அதன்மேல் பாய்ந்தேன். அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் மகளிடம் சொன்னேன். அவள் சார்ஜ் போடுகிற பிளாஸ்டிக் டார்ச் ஒன்றை வாங்கி வந்து, "நைனா, இனிமே இத எடுத்துகினு போ" என்று கையில் கொடுத்தாள். மலைக்கு அவர் பழையதைத்தான் எடுத்துப்போனார்; புதியது கரண்ட் போனபோது வீட்டில் கொஞ்ச மாதம் எரிந்தது. பிறகு ராத்திரி முழுக்கச் சொருகி வைத்தாலும் சார்ஜ் ஏறவில்லை. திறந்து பார்க்கலாம் என்றால் அதற்கு ஒரு ஸ்குரூ கிடையாது, ஒரு மூடி கிடையாது, மொத்தமாக ஒட்டி வைத்திருந்தார்கள். அவருக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே. செத்த டார்ச்சைப் பழைய டார்ச்சின் பக்கத்திலேயே ஆணியில் மாட்டினார். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அதைக் காட்டுவார்.

ஒருநாள் பழையதன் பல்பு போயிற்று. எத்தனை தட்டியும் எரியவில்லை. சரி, இன்றோடு ஒழிந்தது என்று நானும் அவரோடு ஸ்டேஷன் ரோட்டுக்குப் போனேன். அங்கே வாட்ச், ரேடியோ, மிக்சி எல்லாம் பார்க்கிற ஒருவர் இருக்கிறார். டார்ச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த பல்பு இப்ப வர்றதே இல்லீங்க. எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கீது. அதுவும் எவ்ளோ நாளைக்கு எரியும்னு சொல்ல முடியாது."

"அத்த போடுப்பா, போதும்" என்றார் இவர்.

"போடாதீங்க. இத எடைக்குப் போட்டுட்டு நல்லதா புதுசு ஒண்ணு குடுங்க" என்றேன் நான்.

இவர் பைக்குள் கையை விட்டு அந்தப் பிளாஸ்டிக் டார்ச்சை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதைக் கொண்டுவந்திருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. "இந்தா கீது புதுசு. இதுக்கு உசுரு குடுக்கச் சொல்லு."

கடைக்காரருக்குச் சிரிப்பு. "ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க. பித்தளை உடம்பு, நல்லா கீது. சுவிட்சும் ஸ்பிரிங்கும் மாத்திட்டு, உள்ள எல்.இ.டி. போட்டுர்றேன். பேட்டரியும் ரொம்ப நாளைக்கு வரும்" என்றார்.

பேட்டரி ரொம்ப நாளைக்கு வரும் என்ற வார்த்தையில்தான் இவர் விழுந்தார். வேலை முடிந்து கடைச் சுவரில் அடித்துக் காட்டியபோது சுவர் சுண்ணாம்பு அடித்தமாதிரி வெளுத்தது. "கண்ணு கூசுதுப்பா" என்று முணுமுணுத்தார். தட்டாமல் எரிந்தது, ஆட்டினாலும் அணையவில்லை. பாதி ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் கிருத்திகை. மலையில் கூட்டம். வழக்கமான நேரத்துக்கு மாடிக்குப் போய் நின்றேன். பாதையில் எங்கே பார்த்தாலும் வெள்ளை வெளிச்சம். குறுக்கு வழி என்று யாரோ சொல்லி இறங்குகிற ஜனங்கள், பூக்கடை மூடிவிட்டு வருகிறவர்கள், எல்லார் கையிலும் செல்போன். அதில் எது என் வீட்டுக்காரர்? கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், சுவர் விளிம்பில் ஏறிப் பார்த்தேன். அவரை இத்தனை நாளாக எப்படிக் கண்டுபிடித்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. நான் வாய்க்கு வந்தபடி திட்டிய அந்த மஞ்சக்காமாலை வெளிச்சம் மலையில் அவர் ஒருவரிடம்தான் இருந்தது. அதையும் நானே பிடுங்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். என்மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தில் கைப்பிடிச் சுவரைக் குத்தினேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெளிச்சம் பாறையிடம் வந்து நின்றது. மற்றவையெல்லாம் நகர்ந்தன. அது நகரவில்லை.

மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். எதிர்வீட்டில் ஆட்டோ இல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு, போன் வெளிச்சத்தில் நானே ஏறினேன். முள் புடவையை இழுத்தது, செருப்பு ஒருதடவை கழன்றது. எதிரே இறங்குகிறவர்களின் வெளிச்சம் கண்ணில் அடித்து ஒரு முகமும் தெரியவில்லை. முருகா முருகா என்று மூச்சு வாங்கப் பாறையிடம் போய்ச் சேர்ந்தால், அங்கே ஒரு பையன் போனைத் தூக்கிப் பிடித்து, மலை விளக்கையெல்லாம் யாருக்கோ வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா ஆண்ட்டி, எதுனா வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்பா" என்று திரும்பினேன். அவனை அறையலாம்போல இருந்தது. அவன் என்ன செய்தான் பாவம்.

வீட்டில் இவர் பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் பல். "எங்கம்மே போய்ட்ட? லைட்டு சும்மா பகல் மாதிரி அடிக்குது. ஒரு கல்லு தப்பல. சட்டுனு எறங்கிட்டேன். நீ சொன்னது கரெட்டுதாம்மே."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொன்னது சரி என்று அவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். அதை அனுபவிக்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. "பால் வாங்கப் போனேன்" என்றேன். கையில் பால் இல்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை, டார்ச்சைத் தெருநாய்மேல் அடித்து விளையாடிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளே தனியாகக் கடைக்காரரிடம் போய், அவரிடம் இருந்த அந்த ஒரே பழைய மாதிரி பல்பைப் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானங்க வேணாம்னீங்க? அத்த அன்னைக்கே ஒருத்தர் வாங்கினு போய்ட்டாரு." மகளுக்குப் போன் போட்டேன். அவள் அரக்கோணத்தில் கடை கடையாக ஏறி, ஒவ்வொரு டார்ச்சாகப் போட்டோ எடுத்து அனுப்பினாள். எல்லாம் வெள்ளை. "இன்னாத்துக்குமா மஞ்ச லைட்டு?" என்று கேட்டாள். உன் அப்பாவை அடையாளம் தெரியவில்லை என்று மகளிடம் எப்படிச் சொல்வது? ஜாக்கெட் கலர் பார்க்க என்று எதையோ உளறிவைத்தேன்.

கடைசியில், யாரோ கொடுத்த பழக்கூடையில் சுற்றியிருந்த மஞ்சள் கண்ணாடித்தாள் அலமாரியில் அகப்பட்டது. இவர் குளிக்கப் போன சமயம் டார்ச்சின் முன்மூடியைத் திருகி, தாளை வட்டமாக வெட்டி உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். துண்டோடு வந்து நின்றார்.

"இன்னாம்மே பண்ற?"

"வெள்ளையா இருந்தா பூச்சி வருதாம்."

"பழசு வேணாம்னு கடையில நின்னு சண்ட போட்டது யாரு? காசு குடுத்து ஏத்துன வெளிச்சத்த இப்ப காகிதம் வெச்சு எறக்கறியே, உனுக்கு இன்னா ஆச்சு?"

கேட்டது நியாயம். அவர் காலுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு போராடினேன். இப்போது என் கண்ணுக்காக அதைக் குறைக்கிறேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபமும் கூடவே வந்தது.

"ஆங், ஆச்சு. டெய்லி மாடியில நின்னு பாத்துகினு கீறேன். நீங்க பாறைய தாண்டற வரைக்கும் எனுக்கு உசுரு இல்ல. அன்னைக்கு ஆட்டோ அனுப்சது முருகன் இல்ல, நான். இப்ப எல்லா லைட்டும் ஒரே மாதிரி கீது. எது நீங்கன்னு தெரியல. போதுமா?"

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, தாளை எடுத்துக் கீழே போட்டுவிட்டு மூடியைத் திருகினார். "மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்றார். நான் பயந்தமாதிரி, "அப்றம் இன்னா பயம்?" என்று கேட்கவில்லை. இனிமேல் பஸ்ஸில் வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

அன்று இருட்டியதும் மாடிக்குப் போனேன். இனி ஒளிந்து மறைந்து துணி எடுக்கவேண்டிய அவசியம் இல்லை. வெள்ளை வெளிச்சங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று பாறையிடம் வந்து நின்றது. மறுபடியுமா என்று கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தேன். அந்த வெளிச்சம் மெல்லத் திரும்பி, எங்கள் தெருவின் கூரைகளைத் தேடித் தடவி, என் முகத்தில் வந்து விழுந்தது. ஒரு கல் தப்பாமல் காட்டுகிற வெளிச்சம் முழுவதும் என்மேல். அவர் காலடியில் கும்மிருட்டு.

"என் மேல இன்னாத்துக்கு அடிக்கிறீங்க? கால பாத்து அடிங்க!" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன்.

அவருக்குக் கேட்டிருக்காது. வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம் என்மேலேயே இருந்தது. நான் கையை ஆட்டினேன். அதன் பிறகுதான் அது தரைக்கு இறங்கி நகர ஆரம்பித்தது.