சங்கராவின் வாயில் இருந்தது

1. நான், க. நடேசன், காரைக்காலில் வழக்குரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன், இதன்மூலம் நண்பர்களுக்குத் தெரிவிப்பது: பல் டாக்டர் ஜமாலுதீன் இன்று அதிகாலை காலமானார்.

2. அவருடைய மனைவி ஹாஜரா போனில் சொன்னார். "அவங்க மௌத்தாயிட்டாங்க அண்ணே."

3. கீழே எழுதுவது நானே கண்ணால் பார்த்தது. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டறிந்தது... அதை அங்கேயே குறிப்பிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். என் ஆபீசுக்கு அடுத்த கதவு டாக்டரின் கிளினிக், அதன் பின்கட்டில் அவர் வீடு. காத்திருப்போர் பெஞ்சுக்கு எதிரே ஒரு கண்ணாடித் தொட்டி, முழுக்கக் கடல் தண்ணீர்.

அதில் முதலில் வளர்த்த மீன்கள் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுந்து செத்துப்போயின. மிஞ்சியது உள்ளங்கை அகலத்தில் ஒரு சங்கரா மீன். ஹாஜரா என் முன்னிலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இதுவும் செத்துச்சுன்னா தொட்டியில நெல்லக் கொட்டி வச்சிருவேன். உப்புத் தண்ணி சிந்திச் சிந்தித் தரையெல்லாம் பூத்துப்போச்சு."

ஒரு நாள் காலை டாக்டர் என்னைக் கூப்பிட்டார். குரலில் பதற்றமே இல்லை. "வக்கீல் சார், மீன் வாய்க்குள்ள ஒண்ணு உக்காந்துகிட்டு என்னையப் பாக்குது. வந்து பாருங்க."

பார்த்தேன். சங்கராவால் வாயை மூட முடியவில்லை. உள்ளே வெள்ளையாக ஒரு பூச்சி, கருப்பாக இரண்டு கண்கள்.

பல்வலிக்கு வந்து கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த திருவேட்டக்குடி அஞ்சலை எட்டிப் பார்த்தார். "அது மீன் பேனு டாக்டரே. நாங்க பிச்சிப் போட்டுட்டுக் கொழம்பு வச்சிருவோம்."

என் கருத்தைக் கேட்டார்கள். பிடுங்கினால் ரத்தம் போகலாம், இருப்பதை அப்படியே விட்டுவைப்பதே உசிதம் என்றேன்.

"உங்க கோர்ட்டுல வாய்தா மேல வாய்தா குடுப்பாங்க சார். இது அதுவரைக்கும் தாங்காது."

ஈரப் பஞ்சில் மீனைச் சுற்றி எடுத்தார். டார்ச்சைப் பிடித்தது நான். அஞ்சலை முனகினார்: "மனுசி இங்க துடிக்கிறேன்... சங்கராவுக்கு மொதல்ல வைத்தியமா?"

"அதால வலிக்குதுன்னு சொல்ல முடியல அஞ்சலை. நீ தெருவுக்கே கேக்குறாப்புல சொல்லுற."

பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தார். எல்லா நோயாளிகளிடமும் சொல்வதுபோல மீனிடமும் "லேசா வலிக்கும்" என்றார். அடுத்த கணம் பூச்சி தட்டில் நெளிந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றிலிருந்து பொடிப்பொடியாகக் குஞ்சுகள் உதிர்ந்தன. தண்ணீரிலும் குஞ்சுகள் இருக்கும் என்று தொட்டியை மொத்தமாகக் கவிழ்த்துக் கழுவி, புதுக் கடல் தண்ணீர் கொண்டுவரச் செய்தார்.

ஆனால் மீனின் வாயில் நாக்கு இருந்த இடத்தில் ஒரு சிறு அடித்துண்டுதான் இருந்தது. மீதியை அந்தப் பேன் எப்போதோ தின்று தீர்த்துவிட்டிருந்தது.

அதன் பிறகு சங்கரா சாப்பிடவில்லை. இறால் துண்டைக் கவ்வும், துப்பிவிடும். டாக்டர் தினமும் குனிந்து நின்று போட்டுப் பார்ப்பார். மீன் மெலிந்துகொண்டே வந்தது. நெல் மூட்டை வரும் நாளை நான் மனதுக்குள் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் ஹாஜரா உள்ளேயிருந்து வந்தார். கையில் கிண்ணம். "என்னங்க, பல்லு புடுங்கினவங்களுக்கு முறுக்கா குடுப்பீங்க? கஞ்சிதானே குடிக்கச் சொல்லுவீங்க? இதுக்கு மட்டும் முழுசு முழுசாப் போடுறீங்க!"

அம்மியில் விழுதாக அரைத்த இறால். விரல் நுனியில் எடுத்துத் தண்ணீருக்குள் நீட்டினார். சங்கரா வந்து முகர்ந்தது... விலகிப் போனது... திரும்பி வந்து இழுத்துக்கொண்டது. துப்பவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார்.

நெல் வரவே இல்லை. அரைத்துக் கொடுக்கும் வேலை அதன் பிறகு ஹாஜராவுடையதாகவே ஆகிவிட்டது. தரை உப்புப் பூப்பதைப் பற்றிய முறையீடும் நிற்கவில்லை.

இனி எழுதுவது நான் பார்த்ததல்ல. ஹாஜரா இன்று மாலை இரண்டாவது முறை பேசியபோது சொன்னது. கடைசி நாட்களில் டாக்டருக்கு எதுவும் இறங்கவில்லையாம். கஞ்சியை மசித்து விரலால்தான் ஊட்டினாராம்.

"ஒரு வாய் வாங்கிட்டு, 'இது சங்கராவுக்குக் குடுத்த கைதானே'ன்னு கேட்டாங்க அண்ணே. துப்பலை."

அஞ்சலைக்கும் போன் செய்தேன். "மீனுக்கு அப்பறமா எனக்குப் பல்லு புடுங்குன மனுசனா?" என்றார். பிறகு, சாட்சிக்குத் தன் பெயரையும் போடச் சொன்னார்.

பள்ளிவாசலில் அடக்கம் முடிந்தது. நானும் மூன்று பிடி மண் போட்டேன்.

போய்வாருங்கள் டாக்டர்.

(ஒப்பம்)
க. நடேசன்
காரைக்கால்

சாட்சிகள், இருவரின் சம்மதத்துடன்:
1. ஹாஜரா பீவி
2. அஞ்சலை, திருவேட்டக்குடி