துக்க வீட்டுக்கு வந்த தீபாவளிச் சாமான்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. ஆனால் பண்டிகைச் சாமான் மட்டும் சொன்ன நாளில் வந்து இறங்கியது.

தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும். சீட்டு பிடிக்கும் அக்கா ஷேர் ஆட்டோ நிறைய மூட்டைகளோடு எங்கள் காம்பவுண்டுக்குள் வந்தார். கள்ளக்குறிச்சியில் நாங்கள் வாடகைக்கு இருந்த இடம் அது. ஒரே சுவரில் ஆறு வீடுகள், ஆறு வீட்டிலும் சீட்டு கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு சாக்கும் ஒரு எண்ணெய் டின்னும் இறங்கின. எங்கள் வாசலுக்கு வந்ததும் அந்த அக்கா நின்றார். அப்பா இறந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.

"உள்ள வெக்கட்டுமாம்மா?"

"வெய்யுங்கக்கா. கட்டின காசுதானே," என்றாள் அம்மா.

அப்பா மளிகை மண்டியில் மூட்டை தூக்கினார். ஆடி மாதத்தில் ஒரு நாள், லாரிக்குச் சாய்த்து வைத்த பலகையில் ஏறும்போது ஈரத்தில் கால் வழுக்கி, தோளில் இருந்த மூட்டையோடு பின்பக்கமாக விழுந்தார். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். கடைசி இரண்டு நாள் எங்களை அடையாளம் தெரியவில்லை. மண்டிக்காரர் காரியச் செலவுக்குக் கொஞ்சம் கொடுத்தார். அது காரியத்துக்கே சரியாகப் போனது.

தீபாவளிச் சீட்டை அம்மா கார்த்திகையிலிருந்து கட்டி வந்தாள். மாதம் முந்நூறு ரூபாய். பன்னிரண்டு மாதம் கட்டினால் எண்ணெய், கடலை மாவு, மைதா, சர்க்கரை, வெல்லம், பச்சரிசி, உளுந்து, ரவை என்று பண்டிகைக்கு வேண்டியதெல்லாம் வீடு தேடி வரும். மேற்கொண்டு ஒரு எவர்சில்வர் குண்டானும் ஒரு பட்டாசுப் பெட்டியும். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காத வீடுகளுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. நடுவில் நிறுத்தினால் கட்டிய பணத்தில் பிடித்தம் போக மீதிதான் வரும், அதுவும் தீபாவளி கழித்து.

அப்பா இறந்த பிறகும் அம்மா அதை நிறுத்தவில்லை. மக்காச்சோளம் ஒடிக்கப் போன கூலியில் எடுத்து வைத்துக் கட்டினாள். நான் அப்போது கலைக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஆவணி மாதத் தவணைக்கு அம்மா முந்நூறு ரூபாயை எண்ணிக்கொண்டிருந்தபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"சோத்துக்கே வழியக் காணோம். பலகாரத்துக்கு ஒரு சீட்டா? நமக்குத்தான் பண்டிகையே கெடையாதே!"

அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "எட்டு மாசம் உங்கப்பா முதுவுல தூக்கின காசுடி. பாதியில வுட்டுட்டு, அவங்க புடிச்சிக்கினு குடுக்கறத வாங்கிக்கச் சொல்றியா?"

அந்த முந்நூறை நானே கொண்டுபோய்ச் சீட்டு அக்காவிடம் கட்டிவிட்டு வந்தேன்.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அதிரசம், வடை, முறுக்கு எதுவும் கிடையாது. புருஷன் இல்லாததால், தீபாவளிக்குச் சுமங்கலிகள் எடுக்கும் நோன்பும் அம்மாவுக்கு இல்லை. பிறந்த வீட்டிலிருந்து யாராவது புடவையும் பலகாரமும் கொண்டுவந்து கொடுத்து, அந்த வீட்டுத் துக்கத்தைப் பாதி இறக்கி வைக்க வேண்டும். அம்மாவுக்கு இருந்தது ஒரே தம்பி, பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்யும் என் மாமா. அவர் இரண்டு வாரத்துக்கு முன்பே போன் பண்ணிவிட்டார்.

"இந்த வாட்டி வர முடியாதுக்கா. மேஸ்திரி இன்னும் காசு குடுக்கல. மூணு வாரக் கூலி நிக்குது. இன்னா பண்றது சொல்லு."

"நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத தம்பி. உன் புள்ளைங்களப் பாரு," என்று அம்மா போனை வைத்தாள். வைத்த பிறகு வெகு நேரம் அடுப்பையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாமான் வந்த மறுநாள் அதை விற்க முடியுமா என்று பார்க்கத் தொடங்கினோம். இரண்டு மாத வாடகை பாக்கி. பரீட்சைக் கட்டணம் தீபாவளி முடிந்த வாரம் கட்ட வேண்டும். மூட்டை அப்படியே மூலையில் கிடந்தது. என் தங்கைக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கேட்கவும் மாட்டாள், நகரவும் மாட்டாள்.

பட்டாசுப் பெட்டியை சீட்டு அக்காவே பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். மற்றதற்குக் கையை விரித்துவிட்டார். மளிகைக் கடைக்காரர், "வூட்டுக்குப் போயிட்டு வந்த சாமான நான் எப்டிம்மா விக்கறது?" என்றார். காம்பவுண்டில் எல்லார் வீட்டிலும் இதே மூட்டை இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் எண்ணெயைக் கேட்டார், கால் விலைக்கு. அம்மா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, கரியாலூரில் இருந்த அத்தைக்குப் போன் போட்டாள்.

அத்தை அப்பாவுக்குப் பெரியப்பா மகள். கல்யாணமாகிப் பிழைக்க மலைக்குப் போனவர். கல்வராயன் மலை அருவிக்குப் போகும் வழியில் தார்ப்பாய் கட்டி பஜ்ஜிக் கடை வைத்திருந்தார். கடை அவர் கணவருடையது. கணவர் பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து அத்தைதான் நடத்தினார்.

"எண்ணெ, கடல மாவு, மைதா எல்லாம் எனக்கு வேணும், எடுத்துக்கினு வா," என்றார் அத்தை. "அப்டியே நீயும் ரெண்டு நாளு கடையில நில்லு. தீபாவளிக்கும் மறுநாளும் கூட்டம் ஜாஸ்தி. எனக்கு ஆளு கெடையாது. கூலி குடுத்துடறேன்."

தீபாவளிக்கு முதல் நாள் மூவரும் பஸ் ஏறினோம். ஊரே மலையிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் துணி எடுக்கக் கீழே வந்துகொண்டிருக்க, நாங்கள் மளிகை மூட்டையோடு மேலே போனோம். கண்டக்டர் மூட்டைக்கும் டிக்கெட் போட்டார். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் தங்கை வாந்தி எடுத்தாள். அம்மா ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, காலால் எண்ணெய் டின் உருளாமல் முட்டுக் கொடுத்திருந்தாள். மேலே போகப் போக எங்கள் போனில் சிக்னல் குறைந்து, கரியாலூரில் இறங்கியபோது சுத்தமாக இல்லை; வேறு கம்பெனி சிம் போட்டிருந்த அத்தையின் போன் மட்டும்தான் அங்கே வேலை செய்தது. அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களைக் கூப்பிட யார் இருக்கிறார்கள்?

தீபாவளியன்று காலையில் கூட்டம் இல்லை. பதினொரு மணிக்கு மேல் பைக்குகளும் வேன்களும் வரிசையாக வந்தன. அத்தை மாவு கரைத்தார். நான் வாழைக்காய் சீவினேன். தங்கை காகிதம் கிழித்து அடுக்கினாள். அம்மா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றாள். எங்கள் வீட்டுக்கென்று வந்த அதே எண்ணெய்தான். விறகுப் புகையில் கண் எரிந்து நீர் வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு கரண்டியைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். குடித்துவிட்டு வந்த பையன்கள் சிலர், "சீக்கிரம் போடும்மா, எவ்ளோ நேரம் நிக்கறது!" என்று பெஞ்சைத் தட்டினார்கள். அம்மா அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள்.

மத்தியானத்துக்கு மேல் பக்கத்து வீட்டு அக்கா தன் கணவரோடு வண்டியில் வந்து இறங்கினார். புதுப் புடவை, தலை நிறையப் பூ. எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாக்கா, நீயா? இங்க இன்னா பண்ற?"

"பாக்கறியே, பஜ்ஜி போடறேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "துக்க வூட்டுல எண்ணெச் சட்டி வெக்கக் கூடாதேக்கா. வருஷம் கூட திரும்பலியே."

அம்மா சட்டியிலிருந்து கரண்டியை எடுக்கவில்லை. "இது என் வூட்டு அடுப்பு இல்லம்மா. உனக்கு வாழக்காயா, வெங்காயமா?"

அந்த அக்கா ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். அம்மா அந்த வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டே வாழைக்காயை மாவில் தோய்த்தாள். அடுத்த பஜ்ஜியை உயரத்திலிருந்து விட்டுவிட்டாள். எண்ணெய் தெறித்து முன்கையில் இரண்டு இடத்தில் கொப்பளித்தது. அத்தை உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துக் கட்டிவிட்டு, தங்கையின் கையில் ஒரு பஜ்ஜியைக் கொடுத்தார். தங்கை அதைத் தின்னாமல் அம்மாவைப் பார்த்தாள்.

"தின்னு," என்றாள் அம்மா. "அத்த குடுக்கறாங்க இல்ல."

நாள் முழுக்க அம்மா அதில் ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை. நான் தின்றேன். பசித்தது.

மறுநாள்தான் நிஜமான கூட்டம் வரும் என்று அத்தை இரண்டு மடங்கு மாவு வாங்கி வைத்திருந்தார். வாழைக்காய் ஒரு தார் இறங்கியிருந்தது. விடிகாலையில் மழை பிடித்தது. ஒன்பது மணிக்கு அருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் பாறையை மறைத்துக்கொண்டு விழுந்தது. குளிக்கத் தடை என்று கயிறு கட்டிவிட்டார்கள். வந்த வண்டிகள் கயிற்றைப் பார்த்துவிட்டு இறங்காமலே திரும்பின. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கழியால் தள்ளிவிட்டுக்கொண்டு நாங்கள் நால்வரும் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். கரைத்த மாவு புளித்துப் பொங்கியது. அத்தை அதைத் தூக்கி ஓடையில் ஊற்றினார்.

புறப்படும்போது அத்தை பணத்தை அம்மாவின் கையில் வைத்து மூடினார். "சாமானுக்குண்டானது இருக்குது. கூலி ஒரு நாளுதான் போட்டிருக்கேன். நேத்திய மாதிரி இன்னிக்கும் ஓடியிருந்தா முழுசா குடுத்திருப்பேன். நீயே பாத்துக்கினுதானே இருந்த."

"நான் இன்னா கேட்டேன் அண்ணி," என்றாள் அம்மா.

பஸ்ஸில் வரும்போது வாடகை ஒரு மாதம், என் பரீட்சைக் கட்டணம் என்று பிரித்துப் பார்த்தோம். இரண்டுக்கும் சரியாக இருந்தது. அம்மா முகத்தில் மூன்று மாதத்தில் முதல் முறையாக ஒரு தெளிவைப் பார்த்தேன். மலை இறங்கியதும் என் போனில் வரிசையாகச் சத்தம் வந்தது. தவறிய அழைப்புகள் பதினாறு. எல்லாம் மாமாவிடமிருந்து, தீபாவளியன்று மத்தியானம்.

வீட்டுக்கு வந்தபோது பூட்டில் ஒரு துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. வாசலுக்கு மேலே கூரை இல்லை. கீழேயும் விடிகாலையில் பிடித்த மழை முழுவதும் அதன்மேல் பெய்திருந்தது. உள்ளே ஒரு புடவை, அதன் சாயம் இறங்கி முறுக்கிலும் அதிரசத்திலும் ஏறியிருந்தது. எறும்பு மொய்த்திருந்தது.

வீட்டுக்காரம்மா வந்து சொன்னார். "உன் தம்பி வந்தாரு. விடிகாலையிலருந்து பஸ்ஸுல நின்னுகினே வந்தேன்னாரு. வாசல்ல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. எங்கன்னு கேட்டாரு. அருவிக்குப் போயிருக்காங்கன்னேன். அவ்ளோதான் நான் சொன்னது. பைய மாட்டிட்டுக் கெளம்பிட்டாரு."

அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் அருவிக்குத்தான் போயிருந்தோம்.

அம்மா அங்கேயே நின்று மாமாவுக்குப் போன் போட்டாள். மூன்றாம் முறைதான் எடுத்தார். அவர் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"வட்டிக்கு வாங்கிக்கினு வந்தேங்கா நான்! அக்கா வூட்டுக்கு மொத வருஷம் யாரும் போவலன்னா ஊரு காறித் துப்புமேன்னு வந்தேன். நீ புள்ளைங்களக் கூட்டிக்கினு அருவி பாக்கப் போயிட்ட!"

"தம்பி, நான் வேலைக்குப் போனேன்டா. கூலிக்குப் போனேன்."

"தீபாவளி அன்னிக்கு எவன்கா வேலை குடுக்கறான்? என்னிய ஆறு வூட்டுக்கு முன்னால பையோட உக்கார வெச்சிட்ட." போன் துண்டித்துப் போனது.

அதற்குப் பிறகு அம்மா எத்தனையோ முறை கூப்பிட்டாள். நான் பெங்களூருக்கு நேரில் போகலாம் என்றேன். போக வரச் செலவுக்கு அந்த மாதமும் இல்லை, அடுத்த மாதமும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா தான் பார்த்ததை எப்படிச் சொன்னாரோ தெரியாது, சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு எங்களுக்கு மட்டும் பத்திரிகை வரவில்லை. என் படிப்பு முடிந்து சங்கராபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, முதல் சம்பளத்தில் மாமாவுக்கு ஒரு சட்டை எடுத்து பார்சலில் அனுப்பினேன். அது திரும்பி வரவில்லை. அவரிடமிருந்து பேச்சும் வரவில்லை.

பை தொங்கிய அன்று அம்மா செய்ததைச் சொல்லிவிடுகிறேன். போனை வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு முறத்தை எடுத்துவந்தாள். நனைந்த முறுக்குகளை ஒவ்வொன்றாக எறும்பு தட்டி அதில் பரப்பினாள். பாதி மாவாகக் கையோடு வந்தது. உடையாமல் நின்ற ஒரு துண்டை எடுத்து, சாயம் ஏறிய பக்கத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு, வாயில் வைத்து மென்றாள்.

"நல்லாத்தான் இருக்குது," என்றாள். "நீங்களும் தின்னுங்க."

தங்கையும் நானும் வாசலில் உட்கார்ந்து, எவ்வளவு தின்ன முடியுமோ அவ்வளவும் தின்றோம்.